வெறுங்கால் வென்ற கேடயம்

ஒரு தேசத்தின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் யுத்தங்களையும், உடன்படிக்கைகளையும், சட்டசபைத் தீர்மானங்களையும் நிரல்படக் குறித்துச் செல்வர். பந்தாட்டத்தைக் குறிப்பது அவர்கள் வழக்கமன்று. ஆயினும் 1911-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 29-ஆம் தேதி சனிக்கிழமை மாலை கல்கத்தா மைதானத்தில் நடந்த ஓர் ஆட்டத்தை விட்டுவிட்டு நமது தேசிய எழுச்சியின் வரலாற்றை எழுதினால், அவ்வரலாறு குறையுடையதேயாகும். அன்று மோகன் பாகான் கழகத்தைச் சேர்ந்த பதினொரு வங்க இளைஞர், பிரிட்டிஷ் பட்டாளமொன்றின் கால்பந்துக் கச்சியை எதிர்த்து நின்று, இந்தியக் கால்பந்துச் சங்கத்தின் கேடயத்தைக் கைப்பற்றினர். அந்தப் பதினொருவரில் பதின்மர் காலில் பூட்ஸ் இல்லை.

அவ்வாண்டில் நமது பொருநைச் சீமையும் முத்துக் கடற்கரையும் இருந்த நிலையை நினைத்துப் பார்த்தால்தான் அவ்வெற்றியின் அருமை நமக்கு விளங்கும். 1906-இல் தூத்துக்குடியில் தோன்றிய சுதேசிக் கப்பல் கம்பெனி, காலியா, லாவோ என்னும் இரு கப்பல்களை வாங்கி மறு ஆண்டிலேயே கொழும்புக்கு ஓட்டியது. 1908 மார்ச்சில் வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் சிறைப்பட்டார்கள். தலைவனை இழந்த கம்பெனி நொடித்தது. 1911-இல் அது கலைக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூன் 17-ஆம் தேதி மணியாச்சி ஜங்ஷனில் கலெக்டர் ஆஷ், வாஞ்சிநாதனால் சுடப்பட்டு இறந்தார். வாஞ்சியும் அங்கேயே தம்மைச் சுட்டுக்கொண்டு மடிந்தார். பின்னர் நிகழ்ந்த சோதனைகளும் கைதுகளும் ஜில்லா முழுவதையும் கலக்கின. பிள்ளையவர்கள் சிறையில், கப்பல்கள் அந்நியர் வசம், ஊர்கள் அச்சத்தின் வசம். மணியாச்சிச் சம்பவம் நடந்து ஆறே வாரங்களில் வங்கத்திலிருந்து இச்செய்தி பிறந்தது.

பந்துக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. கடல் வாணிகத்தில் தம்மை வெல்வாரில்லை என்று ஆங்கிலேயர் இறுமாந்திருந்தனர். அந்தத் தொழிலிலேயே பிள்ளையவர்கள் அவர்களோடு போட்டியிட்டார்கள். மைதான விளையாட்டில் தமக்கு நிகரில்லை என்றும் அவர்கள் இறுமாந்திருந்தனர். வங்க இளைஞர் அந்த விளையாட்டிலேயே அவர்களோடு பொருதனர். இருவர் வழியும் ஒன்றே; முடிவு மாத்திரம் வேறு. கடலில் விதியை வகுப்பவனும் எதிரி, விதியை மாற்றுபவனும் எதிரி. கட்டணத்தைக் குறைத்தும், அதிகாரிகளின் துணையைக் கொண்டும், இறுதியில் சிறைக் கதவைத் திறந்தும் அவன் வெல்லலாம். சுண்ணாம்புக் கோடு கிழித்த மைதானத்திலோ, பல்லாயிரம் கண்கள் பார்த்திருக்க, விதியானது ஆளுவோனையும் கட்டுகிறது. கோட்டைக் கடந்த பந்தைக் கடக்கவில்லையென்று எந்த வைஸ்ராயும் உத்தரவு போட முடியாது. ஆள்வோரும் ஆளப்படுவோரும் ஒரே விதிக்கு உட்பட்டு நின்ற இடங்கள் அக்காலத்து இந்தியாவில் மிகச் சில. அவற்றுள் ஒன்று கால்பந்து மைதானம்.

அந்த மைதானத்தில் வங்காளிக்குத் தனியாகத் தீர்க்க வேண்டிய கணக்கும் ஒன்று இருந்தது. வங்காளியர் உடல் உறுதியற்றவர், ஆண்மையற்றவர் என்று மெக்காலே பிரபு எழுதி வைத்தார். அப்பழியை ஆங்கிலப் பள்ளிகளில் வங்கப் பிள்ளைகளே பாடமாகப் படித்தனர். வீர ஜாதி என்றும் வீரமற்ற ஜாதி என்றும் மக்களைப் பிரித்துப் பட்டாளத்துக்கு ஆள் சேர்ப்பது சர்க்காரின் கொள்கையாயிற்று. 1897-இல் சென்னைக்கு எழுந்தருளிய விவேகானந்த சுவாமிகள், இளைஞருக்கு முதலில் வேண்டுவது உடல் வலிமை என்றும், சாத்திரப் படிப்பினும் பந்தாட்டமே அவர்களை மேலே உயர்த்தும் என்றும் துணிந்து பேசியதற்குக் காரணம் அந்தப் பழியே.

ஆயினும் வெற்றி ஒரு நாளில் வானத்திலிருந்து விழுந்ததன்று. அதன் வேர் முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டது. அவ்வேர் ஊன்றிய நிலம் கல்கத்தாவின் பள்ளிகளும் கலாசாலைகளுமே. 1877-இல் ஹேர் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி என்னும் சிறுவர், வெள்ளையர் ஆடிய பந்தைத் தாமும் உதைத்துப் பார்த்தார். பிறகு தோழரைக் கூட்டிப் பள்ளி முற்றத்திலேயே ஆடத் தொடங்கினார். பிரஸிடென்ஸி கலாசாலையின் ஆசிரியர் ஸ்டாக் என்பவர் அப்பிள்ளைகளுக்கு விளையாட்டின் முறைகளைக் கற்பித்தார். சில ஆண்டுகளில் கலாசாலைதோறும் ஒரு கச்சி எழுந்தது.

நாகேந்திர பிரசாதரைப் பற்றிய ஒரு செய்தி நமக்கு மிகவும் வேண்டுவது. குயவர் குலத்தில் பிறந்த ஓர் இளைஞரைத் தமது கழகத்தில் சேர்க்க அவர் முயன்றபோது, உயர்குலத்தார் சிலர் தடுத்தனர். அவர் அந்தக் கழகத்தையே கலைத்துவிட்டுச் சோபாபஜார் கழகத்தைத் தொடங்கி, அவ்விளைஞரை அதில் சேர்த்துக்கொண்டார். அந்தச் சோபாபஜார் கழகமே 1892-இல் டிரேட்ஸ் கோப்பைப் பந்தயத்தில் கிழக்கு ஸர்ரி பட்டாளத்தை வென்று, வெள்ளையர் கச்சியும் தோற்கக் கூடியதுதான் என்று முதன்முதலில் காட்டியது. ஜாதிக் கதவைத் திறந்த கழகமே வெள்ளையனை முதலில் வென்றது என்பதை நமது சீர்திருத்தக்காரர்களும் கவனிக்க வேண்டும். சீர்திருத்தத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஸ்வராஜ்யம் வரட்டும் என்று சொல்லி வந்தவர்களும் கவனிக்க வேண்டும்.

மோகன் பாகான் கழகம் 1889 ஆகஸ்டு 15-இல் வடகல்கத்தாவில் தோன்றியது. அதன் முதல் தலைவர் பூபேந்திரநாத் போஸ். 1914-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை வகித்த பெருமகனார் அவரே. கழகத்தின் காரியதரிசியாயிருந்து ஆட்டக்காரரை உருவாக்கிய சைலேந்திரநாத் பாசு பட்டாளத்தில் சுபேதார் மேஜராயிருந்தவர். பட்டாளத்துக் கட்டுப்பாட்டை மைதானத்துக்குக் கொண்டுவந்தவர். 1906, 1907, 1908 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து டிரேட்ஸ் கோப்பை இக்கழகத்துக்கே கிடைத்தது. வங்கப் பிரிவினைக்கு எதிராக அந்நியத் துணிகள் தெருத்தெருவாக எரிந்த அதே ஆண்டுகளில், இவர்கள் ஓசையின்றி நாள்தோறும் பயின்றுவந்தனர்.

1911-இல் கேடயப் பந்தயத்துக்கு இறங்கிய பதினொருவரில் மாணாக்கரும் ஆசிரியரும் இடம்பெற்றிருந்தனர். முன்வரிசையின் நடுவில் நின்ற அபிலாஷ் கோஷும், நடுக்காவல் நின்ற ராஜேன் சென்குப்தாவும் ஸ்காட்டிஷ் சர்ச்சஸ் கலாசாலை மாணவர்கள். கானு ராய் பிரஸிடென்ஸி கலாசாலையைச் சேர்ந்தவர். பின்காவல் நின்ற சுதீர் சட்டர்ஜி கிறிஸ்தவர். பவானிபூர் லண்டன் மிஷன் கலாசாலையில் ஆசிரியர். பூட்ஸ் அணிந்து ஆடியவர் இவர் ஒருவரே. அவரோடு பின்காவல் நின்றவர் பூதி சுகுல். கோல் காத்தவர் ஹீராலால் முகர்ஜி. நடுவரிசையில் மன்மோகன் முகர்ஜியும் நீல்மாதவ் பட்டாச்சார்யாவும். முன்வரிசையில் ஹாபுல் சர்க்காரும், பாதுரி சகோதரரான விஜயதாஸும் சிவதாஸும். கால்நடை வைத்திய இலாகாவில் வேலை பார்த்த சிவதாஸ் பாதுரியே கச்சியின் தலைவர். கலாசாலை வகுப்பையும், காரியாலய மேசையையும் விட்டு மாலையில் மைதானத்துக்கு ஓடிவந்தவர் இவர்கள். எதிர்ப்பட்ட பட்டாளத்தாருக்கோ உடற்பயிற்சியே நாட்கடமை.

ஜூலை 10-ஆம் தேதி முதல் ஆட்டம். செயின்ட் சேவியர் கச்சியை 3-0 கணக்கில் வென்றனர். 14-ஆம் தேதி ரேஞ்சர்ஸ் கழகத்தை 2-1 கணக்கில் வென்றனர். 19-ஆம் தேதி ரைபிள் பிரிகேட் பட்டாளத்தை ஒரே கோலில் வீழ்த்தினர். அது மாரிக்காலம். ஈரப் புல்லில் வெறுங்கால் வழுக்கும். எதிரியின் பூட்ஸில் பதித்த கட்டைகள் மண்ணைப் பற்றிக்கொள்ளும். அதே பூட்ஸ் வெறுங்காலின்மேல் விழுந்தால் என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இவர்கள் துணை, ஓட்டமும் பந்தை ஒருவருக்கொருவர் குறுகத் தள்ளிக் கடத்தும் திறமும். நமது கடற்கரையில் முத்துக் குளிக்கும் பரதவர், யாதொரு கருவியுமின்றி மூச்சடக்கிக் கடலின் அடி தொட்டு மீண்ட கதையை நாம் அறிவோம். கருவியில்லாதவனுக்கு அவன் பழகிய உடம்பே கருவி.

அரையிறுதியில் மிடில்ஸெக்ஸ் பட்டாளம் எதிர்ப்பட்டது. 24-ஆம் தேதி ஆட்டம் 1-1 என்று வெற்றி தோல்வியின்றி முடிந்தது. இரண்டே நாள் கழித்து, 26-ஆம் தேதி, மீண்டும் ஆடினர். இம்முறை மூன்று கோல் போட்டனர், ஒன்றும் வாங்கவில்லை. அதற்குப் பிறகு கல்கத்தாவில் வேறு பேச்சில்லை. ரயில்வேயார் தனி வண்டி விட்டனர். நதியில் கூடுதல் படகுகள் ஓடின. அயல் ஜில்லாக்களிலிருந்து ஜனங்கள் திரண்டுவந்தனர்.

29-ஆம் தேதி இறுதி ஆட்டம் கல்கத்தா கால்பந்துக் கழகத்தின் மைதானத்தில் நடந்தது. கிழக்கு யார்க்ஷயர் பட்டாளம் எதிர்நின்றது. நடுவர் புல்லர் என்னும் ஆங்கிலேயர். கூடிய ஜனத்தொகையை அறுபதாயிரம் என்பாரும் எண்பதாயிரம் என்பாரும் உளர். அதில் மைதானத்தைக் கண்ணால் கண்டவர் சிறு பகுதியினரே. மற்றையோர் மரங்களில் ஏறினர். அதற்கும் வழியில்லாதார் தூரத்தில் நின்று வானத்தைப் பார்த்தனர். கோல் கணக்கைத் தெரிவிக்க அங்கே காற்றாடிகள் பறந்தனவாம். இரண்டாம் பாதியில் பட்டாளத்துத் தலைவன் ஜாக்ஸன் முதல் கோலைப் போட்டான். கூட்டம் வாயடைத்து நின்றது. சிறிது நேரத்தில் சிவதாஸ் பாதுரி அதைச் சமன் செய்தார். உருவ ஒற்றுமையுள்ள பாதுரி சகோதரர் இருவரும் இடம் மாறி மாறி ஆடியதால், யாரைத் தடுப்பது என்று அறியாமல் எதிரிகள் மயங்கினர் என்று சொல்வர். ஆட்டம் முடியும் தறுவாயில் சிவதாஸ் பந்தைக் கொண்டுசென்று அபிலாஷ் கோஷிடம் தள்ள, அந்தக் கலாசாலை மாணவர் அதைக் கோலுக்குள் செலுத்தினார். 2-1. ஊதுகுழல் முழங்கியது. கேடயம் முதன்முறையாக இந்தியர் கைக்கு வந்தது.

அன்று கல்கத்தா கொண்ட களிப்பை விரிக்கில் பெருகும். அதில் ஒரு சிறப்பை மாத்திரம் குறிப்போம். வங்கப் பிரிவினைக்குப் பின் ஹிந்துக்களும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் ஐயுற்று நின்ற காலம் அது. அவ்வெற்றியை முஸ்லிம் பத்திரிகைகளும் பாராட்டின. முஸ்லிம் விளையாட்டுக்காரர்களும் தம் வெற்றியாகவே கொண்டாடினர். வென்ற கச்சியில் பிராமணரும் பிறரும் ஒரு கிறிஸ்தவ ஆசிரியரும் தோளோடு தோள் நின்றதையும் ஜனங்கள் கண்டனர். மேடைப் பிரசங்கங்களால் பல ஆண்டுகளில் செய்ய முடியாததை ஒரு மாலைப்பொழுது செய்தது.

பெருவெற்றிகளைச் சுற்றிக் கதைகள் வளர்வது இயல்பு. ஆட்டம் முடிந்து திரும்பிய வீரரை ஒரு முதியவர் நிறுத்தி, வில்லியம் கோட்டையின் மேல் பறந்த கொடியைச் சுட்டிக்காட்டி, அது எப்போது இறங்கும் என்று கேட்டதாகவும், கேடயத்தை மறுமுறை வெல்லும்போது என்று விடை வந்ததாகவும் வங்கத்தில் ஒரு கதை வழங்குகிறது. மோகன் பாகான் மறுமுறை கேடயம் வென்றது 1947-இல். கதை இனியது, கதையாகவே அதை வைத்துக்கொள்வோம். ஆனால் கால்பந்தில் தோற்ற அச்சத்தால்தான் சர்க்கார் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றியது என்று சிலர் கூறுவதை ஒப்புவதற்கில்லை. தலைநகர் மாற்றமும் பிரிவினை ரத்தும் 1911 டிசம்பர் 12-இல் தில்லி தர்பாரில் வெளியாயின. அதைப் பற்றிய ஆலோசனை ஜூன் மாதத்திலேயே, கேடயப் பந்தயம் தொடங்குமுன்பே, சர்க்காருக்குள் எழுந்துவிட்டது. பொய்ப் பெருமை மெய்ப் பெருமையையும் கெடுக்கும். அந்த வெற்றிக்கு அணிகலன் தேவையில்லை.

அவ்வெற்றி செய்யாததையும் நாம் அஞ்சாமல் சொல்ல வேண்டும். கேடயத்தை வென்றார்களே அன்றி, மைதானத்தை வெல்லவில்லை. 1893-இல் ஐரோப்பியரால் அமைக்கப்பட்ட கால்பந்துச் சங்கத்தின் ஆட்சி அவர்கள் கையிலேயே இருந்தது. 1898-இல் தொடங்கிய கல்கத்தா லீக் பந்தயத்தில் 1914 வரையில் இந்தியக் கழகத்துக்கு இடமில்லை. இடம் கிடைத்த பின்னரும், முதல் வகுப்பில் இரண்டு இந்தியக் கழகங்களுக்கு மேல் கூடாது என்ற வரம்பு பல ஆண்டுகள் நின்றது. கேடயத்தை மறுபடியும் ஓர் இந்தியக் கழகம் வெல்ல 25 ஆண்டுகள் பிடித்தன. 1934 முதல் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து லீக் பட்டத்தை வென்ற மகமதியன் ஸ்போர்ட்டிங் கழகம், 1936-இல் கேடயத்தையும் கைக்கொண்டது. ஒரு மாலையின் ஆரவாரம் ஒரு ஸ்தாபனத்துக்கு ஈடாகாது. சுதேசிக் கப்பலுக்குக் கரையில் நின்று ஆர்ப்பரித்தவர் பல்லாயிரவர். பிள்ளையவர்கள் சிறை சென்ற பின் கம்பெனியைத் தாங்கி நிறுத்தியவர் எத்தனை பேர்? இக்கேள்வி கல்கத்தாவுக்கும் தூத்துக்குடிக்கும் பொது.

வெறுங்காலைப் பற்றியும் ஒரு சொல். அதை வீரத்தின் சின்னமாக வழிபட்டவர் உளர். வெறுங்கால் நமது வறுமை. அந்த வறுமையிலும் வென்றது நமது பெருமை. இவ்விரண்டையும் குழப்பியதால் நேர்ந்த நஷ்டத்தைச் சுதந்திர இந்தியா அனுபவித்தது. 1948-இல் லண்டன் ஒலிம்பிக்கில் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடிய நம்மவர், பிரான்ஸ் தேசத்தாரிடம் 1-2 கணக்கில் தோற்றனர். நமது கோலைப் போட்டவர் சாரங்கபாணி ராமன். தோல்வியிலும் கௌரவமிருந்ததால் பாடம் மனத்தில் ஏறவில்லை. 1952-இல் ஹெல்ஸிங்கி நகரில் யூகோஸ்லாவியர் 10-1 கணக்கில் வென்றபோதுதான் அது ஏறியது. அதற்குப் பிறகு பூட்ஸ் கட்டாயமாயிற்று. 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியக் கச்சி நான்காமிடம் எய்தியது. 1911-இன் வீரரிடமிருந்து நாம் கற்க வேண்டுவது அவர்கள் காலில் அணியாததை அன்று. முப்பதாண்டுப் பயிற்சியையும், ஓயாத கட்டுப்பாட்டையும், ஜாதி பாராத சேர்க்கையையுமே.

இனி நம் கடற்கரைக்கு வருவோம். குலசேகரன்பட்டினத்து இளைஞரின் தியாகம் பாரத தேசத்தில் எவர் தியாகத்துக்கும் குறைந்ததன்று. 1942 செப்டம்பரில் இவ்வூர் உப்பளத்தில் நிகழ்ந்த கிளர்ச்சியில் உப்பு இலாகா அதிகாரி லோன் இறந்தார். அவ்வழக்கில் காசிராஜன், ராஜகோபாலன் என்னும் இரு இளைஞர் தூக்குமேடைக்குக் குறிக்கப்பட்டுப் பின்னரே தண்டனை குறைந்து மீண்டனர். அதே ஊரில் 2024 பிப்ரவரி 28-இல் ராக்கெட் ஏவுதளத்துக்கு அஸ்திவாரம் நாட்டப்பட்டது. உயிரைக் கொடுக்கவும் துணிந்த ஊர். வானத்தை எட்டவும் போகிற ஊர். இவ்விரண்டுக்கும் நடுவே அன்றாட வாழ்வு ஒன்று உண்டு. மாலையில் நம் கடற்கரை ஊர்ப் பிள்ளைகள் பந்தை எங்கே உதைக்கிறார்கள்? உப்பளத்து ஓரத்திலும் கடல் மணலிலும் உதைக்கிறார்கள். மணல் நல்ல ஆசான்தான். ஆனால் கோடு கிழித்த மைதானமும், முறை கற்பிக்கும் ஆசிரியரும், ஆண்டுதோறும் தவறாமல் நடக்கும் பந்தயமும் இல்லாத இடத்தில் திறமை பிறக்கும், வளராது.

அரசியல் தொண்டர்களுக்கு நாம் சொல்லுவது இதுவே. கொடி ஏற்றுகிறீர்கள், கூட்டம் கூட்டுகிறீர்கள், தியாகிகள் தினம் கொண்டாடுகிறீர்கள். நல்லது. உங்கள் ஊரில் பிள்ளைகளுக்கென்று ஒரு மைதானம் உண்டா, அதை வேலியிட்டு விழுங்கப் பார்ப்பவர் யார், அதில் எந்தத் தெருப் பிள்ளை உள்ளே வரக் கூசி வெளியே நிற்கிறான் என்று விசாரித்ததுண்டா? பஞ்சாயத்தில் ஒரு தீர்மானம், ஓர் ஏக்கர் நிலம், உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவரின் மாலை நேரம், நாலு பேர் ஒழுங்காகச் செலுத்தும் சந்தா ஆகிய இவை போதும், ஒரு கழகம் தொடங்க. நாகேந்திர பிரசாதர் தொடங்கியபோது அவரிடம் இவ்வளவும் இருந்ததில்லை. அவர் நட்டதன் கனியைப் பறிக்க முப்பத்து நான்கு ஆண்டுகள் சென்றன. விதைப்பவன் பொறுமை கொள்ள வேண்டும். விதைக்காதவனுக்குப் பொறுமையினால் பயனில்லை.